எல்லாமே 'வெளிப்படுத்து' என்றால் எதைத்தான் எழுதுவது?

கேள்வி இதுதான்: "ரிவீல், டிஸ்க்ளோஸ், டைவல்ஜ், எக்ஸ்போஸ், பிட்ரே, மானிஃபெஸ்ட் என்று எதைத் தேடினாலும் அகராதியில் 'வெளிப்படுத்து' என்றே வருகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? 'தன் நோயை அவர் யாரிடமும் வெளிப்படுத்தவில்லை' என்ற வரியை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன்."

நிறையவே கெட்டுப்போகும். நான் நீதிமன்ற ஆவணங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பிரமாணப் பத்திரத்தில் மனுதாரர் தன் கடன்களை 'டிஸ்க்ளோஸ்' செய்தார் என்றிருந்ததைத் தமிழில் 'அம்பலப்படுத்தினார்' என்று எழுதிவிட்டேன். தன் கடனைத் தானே அம்பலப்படுத்திக்கொள்கிற ஒருவரை அந்த வக்கீல் அதற்கு முன் பார்த்ததில்லையாம். சிவப்பு மையில் ஒரு பெரிய ஆச்சரியக்குறி போட்டுக் கட்டைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் எந்தச் சொல் எதிரே வந்தாலும், அகராதியைத் திறப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வேன்: அந்த விஷயம் இதுவரை யார் கையில் இருந்தது, அது வெளியே வருவதில் அவருக்குச் சம்மதமா? பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

முதலில் 'ஷோ'. யாரும் எதையும் மறைக்கவில்லை, அல்லது மறைத்தார்களா என்பதைப் பற்றிச் சொல்லுக்குக் கவலையில்லை. நம் 'காட்டு' போலத்தான். 'காண்' என்பதன் பிறவினை 'காட்டு'. காணச் செய்வது எதுவோ அது காட்டுவது. ஆங்கிலத்தின் 'ஷோ'வுக்கு வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் 'பார்' என்றே பொருள். அதன் உறவுக்காரச் சொல்லான ஜெர்மன் 'ஷவென்' இன்றும் பார்ப்பதைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பார்ப்பது இடைக்காலத்தில் பார்க்கவைப்பதாகப் புரண்டுவிட்டது. எதைப் போடுவது என்று திணறும்போது 'ஷோ' போட்டால் பெரிய தப்பு வராது. கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான்.

'ரிவீல்' அப்படியில்லை. லத்தீனில் 'வேலும்' என்றால் திரை. முகத்தை மூடும் 'வெய்ல்' அதிலிருந்து வந்ததுதான். திரையை விலக்குவதுதான் ரிவீல். அதனால் இந்தச் சொல் வந்தால், பின்னால் ஏதோ காத்திருந்தது, இப்போது தெரிகிறது என்ற ஒரு சின்ன வியப்பு கூடவே வரும். புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'ரெவலேஷன்' என்று பெயர். தமிழில் சீர்திருத்தச் சபையார் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றார்கள், கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்கிறார்கள். நம் அகராதிகளில் 'வெளிப்படுத்து' இவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருப்பதற்கு இந்தப் பைபிள் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ரிவீலுக்கு இன்னொரு வசதி, உயிரில்லாத பொருளும் அதன் எழுவாயாக வரலாம். எக்ஸ்ரே எலும்பு முறிவை ரிவீல் செய்யும். தோண்டிய குழி பழைய சுவரை ரிவீல் செய்யும். எக்ஸ்ரே 'டிஸ்க்ளோஸ்' செய்தது என்று எழுதினால் இன்றைய காதுக்கு உறுத்தும்.

காரணம், டிஸ்க்ளோஸ் என்பது ஆள் செய்கிற வேலை, அதிலும் பெரும்பாலும் கடமைப்பட்ட ஆள் செய்கிற வேலை. 'க்ளோஸ்' செய்து வைத்திருந்ததைத் திறப்பது. பெட்டி என்னுடையது, சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் திறந்து காட்டச் சொல்லிச் சட்டமோ ஒப்பந்தமோ மனசாட்சியோ கேட்கிறது. 2002இல் உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிற்கிறவர்கள் தங்கள் சொத்து, கடன், குற்ற வழக்குகள், படிப்பு ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே வருவது டிஸ்க்ளோஸ்தான். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்காக, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2015இல் கொண்டுவந்த விதிமுறைகளின் பெயரிலேயே 'டிஸ்க்ளோஷர்' இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, எதையெல்லாம் தர வேண்டியதில்லை என்று பட்டியல் போடுவதற்குத் தலைப்பே டிஸ்க்ளோஷரிலிருந்து விலக்கு என்பதுதான். இங்கெல்லாம் தமிழில் 'விவரம் அளித்தார்', 'தெரியப்படுத்தினார்', 'வெளியிட்டார்' என்பவை நிற்கும். 'அம்பலப்படுத்தினார்' நிற்காது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

'டைவல்ஜ்' இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் குணம் வேறு. 'வல்கஸ்' என்றால் லத்தீனில் பொதுஜனம். 'வல்கர்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். நாலு பேர் அறியக் கூடாததை நாலு பேருக்குத் தெரியும்படி செய்வது டைவல்ஜ். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் மறுப்போடுதான் வரும்: சொல்ல மறுத்துவிட்டார், பெயரைச் சொல்லவில்லை, எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. இதைத் தமிழில் 'வெளிப்படுத்த மறுத்துவிட்டார்' என்று எழுதுவதைவிட நம் பேச்சில் இருப்பதே கச்சிதம்: "அதைப் பத்தி மூச்சே விடலை." மூச்சு விடாமல் இருப்பதுதான் டைவல்ஜ் செய்யாமல் இருப்பது. அலுவலக அறிக்கையில் அப்படி எழுத முடியாது, சரி. அங்கே 'வெளியே சொல்ல மறுத்துவிட்டார்' போதும்.

டிஸ்க்ளோஸ், டைவல்ஜ் இரண்டிலும், விஷயம் யாருடையதோ அவரே, அல்லது அதைக் காக்கும் பொறுப்பில் இருந்தவரே வாயைத் திறந்தார். 'எக்ஸ்போஸ்' வந்தால் வேறொருவர் வந்து கதவை உடைக்கிறார். சொல்லின் அடி 'வெளியே வை' என்பதுதான். காப்பில்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது. வெயிலுக்கும் மழைக்கும் எக்ஸ்போஸ் ஆவது இதனால்தான். பழங்கிரேக்கத்தில் வேண்டாத குழந்தையைக் காட்டிலும் மலையிலும் விட்டுவிட்டு வந்த வழக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஊழலை எக்ஸ்போஸ் செய்வதும் அப்படித்தான், மூடி வைத்திருந்தவனைத் திறந்தவெளியில் நிறுத்துவது. தமிழ் இங்கே ஆங்கிலத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அம்பலம் என்பது ஊர் கூடுகிற பொது இடம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்கிறோம். திருடன் செயல் அம்பலம் ஏறிவிடும். இன்னும் கோபமாகச் சொல்ல 'தோலுரித்துக் காட்டினார்', 'முகத்திரையைக் கிழித்தார்' எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: கொரோனா காலத்தில் 'எக்ஸ்போஸ்ட் டு கோவிட்' என்பதற்கு 'கோவிடுக்கு வெளிப்பட்டவர்கள்' என்று ஓர் அறிவிப்பைப் படித்தேன். யார் வெளிப்பட்டார்கள், எங்கிருந்து? 'தொற்றுள்ளவரோடு பழகியவர்கள்' என்றால் என் அம்மாவுக்கும் புரிந்திருக்கும். அப்புறம், சினிமாப் பத்திரிகைகளின் 'எக்ஸ்போஸ் பண்ணி நடிக்க மாட்டேன்' என்பது நம் நாட்டு ஆங்கிலம். லண்டனில் அந்த உடையைச் சொல்ல 'ரிவீலிங்' என்பார்கள். அங்கே ஒரு பதிலும் ரிவீலிங்காக இருக்கலாம்; சொன்னவர் நினைத்ததைவிட அதிகமாகச் சொல்லிவிட்ட பதில் அது.

அது நம்மை 'பிட்ரே'யிடம் கொண்டுவந்து விடுகிறது. இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. துரோகம் செய்வதற்கும் இதுதான், குரல் நடுங்கிப் பயம் தெரிந்துவிடுவதற்கும் இதுதான். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் குழம்புவார்கள். துரோகத்துக்கும் குரல் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் குழம்பவே வேண்டியதில்லை. யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான். "நான் ஒண்ணும் சொல்லலை, ஆனா முகமே காட்டிக்கொடுத்துடுச்சு." இரண்டுக்கும் ஒரே வினை. அதைவிட ஆச்சரியம், பிட்ரேக்குள் ஒளிந்திருக்கும் லத்தீன் 'த்ராதெரே'யின் பொருள் 'கையில் ஒப்படை' என்பது. எதிரியின் கையில் கொடுப்பது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், துரோகத்தைக் 'கொடு'ப்பதாகப் பார்த்து, பிறகு அதே சொல்லை மனிதனின் முகத்துக்கும் கைக்கும் குரலுக்கும் நீட்டியிருக்கின்றன. என் உடம்பே என் பக்கம் நில்லாமல் எதிராளியிடம் என்னைக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே பிட்ரே எழுத வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தேவை. ஒருவர் மறைக்க முயன்றிருக்க வேண்டும். அவருக்குச் சொந்தமான ஏதோ ஒன்று அவரை மீறியிருக்க வேண்டும். 'அவள் முகம் மகிழ்ச்சியைக் காட்டியது' என்பதற்கு பிட்ரே போட்டால், மகிழ்ச்சியை ஏன் மறைத்தாள் என்று வாசகன் கதை தேட ஆரம்பிப்பான். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்ற 706ஆம் குறளில் இரண்டாவது 'காட்டு'மிடத்தில் பிட்ரே போடலாமா என்று ஒரு நண்பரோடு நெடுநேரம் வாதாடியிருக்கிறேன். போடக் கூடாது என்பது என் கட்சி. பளிங்கு எதையும் மறைப்பதில்லை, பக்கத்தில் இருப்பதை அப்படியே காட்டுகிறது. முகமும் அப்படித்தான் என்கிறார் வள்ளுவர். ஒரே வினையை இரண்டு தரம் வைத்தவருக்கு ஆங்கிலத்திலும் ஒரே வினையைத் தருவதுதான் முறை. ஷோ போதும்.

வாய் தவறிச் சொல்வது இதற்குத் தம்பி. 'லெட் ஸ்லிப்', 'கிவ் அவே', 'ப்ளர்ட் அவுட்'. நமக்கு 'உளறிக்கொட்டினான்', 'போட்டு உடைத்துவிட்டான்'. நுணலும் தன் வாயால் கெடும். வேண்டுமென்றே மேலிடத்தில் சொல்லிவிட்டால் 'போட்டுக்கொடுத்துட்டான்'. அது ஆங்கிலத்தின் 'ஸ்னிட்ச்'. 'லீக்' என்பதற்குக் 'கசிவு' எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள், வினாத்தாள் கசிவு என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் காலத்தில் 'கொஸ்டின் பேப்பர் அவுட்' என்போம்.

யார் எந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்பதில் அரசியலும் இருக்கிறது. 2013 ஜூனில் அமெரிக்க உளவுத்துறையில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களைக் கொண்டு கார்டியனும் வாஷிங்டன் போஸ்ட்டும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பைப் பற்றி எழுதின. அமெரிக்க அதிகாரிகள் பேசும்போது அது 'அனுமதியில்லாத டிஸ்க்ளோஷர்'. அடுத்த ஆண்டு அந்த இரு பத்திரிகைகளுக்கும் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தபோது குறிப்பில் எழுதப்பட்டது 'ரெவலேஷன்'. அவரைக் கொண்டாடியவர்கள் எக்ஸ்போஸ் என்றார்கள், தேசத் துரோகி என்று நினைத்தவர்களுக்கு அது பிட்ரே. ஆவணங்கள் மாறவில்லை. பெட்டி யாருடையது என்பதில்தான் தகராறு. இப்படிப்பட்ட செய்தியை மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றையும் 'வெளிப்படுத்தினார்' என்று தட்டையாக்கினால், அவரவர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது காணாமல் போய்விடும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது, இதில் பத்திரிகைக்காரர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். ரிவீல், டிஸ்க்ளோஸ், எக்ஸ்போஸ், பிட்ரே எல்லாம், சொல்லப்படும் விஷயம் உண்மை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடும். எதிர்மறையாக்கினாலும் ஒப்புதல் போகாது: தனக்குக் கடன் இருப்பதை அவர் டிஸ்க்ளோஸ் செய்யவில்லை என்றாலும் கடன் இருப்பது இருப்பதுதான். இப்படி உண்மையை உள்ளே வைத்திருக்கும் வினைகளைப் பற்றி பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் மொழியியலில் இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது. 'க்ளெய்ம்', 'அலெஜ்' ஆகியவை அப்படியில்லை. சொன்னார், அவ்வளவுதான், உண்மையா என்பது அவர் பாடு. தமிழில் என்ன நடக்கிறது? 'தெரிவித்தார்' என்கிறோம். 'தெரி' என்பதன் பிறவினை. பிரித்துப் பார்த்தால் 'தெரியச் செய்தார்'. பொய்யைத் தெரியச் செய்ய முடியுமா? ஆனால் செய்தித் தமிழில் அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து வெறும் 'சொன்னார்' ஆகிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவரும் தெரிவிப்பார், ஆளுங்கட்சியும் அதை மறுத்துத் தெரிவிக்கும். இதைப் பார்த்து, தமிழ்ச் செய்தியை ஆங்கிலமாக்குகிற சிலர் 'ரிவீல்ட்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில் ஒரு கட்சிக்காரரின் குற்றச்சாட்டுக்குப் பத்திரிகை கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடுகிறது. 'தெரிவித்தார்' என்றால் 'செட்' (said). அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

ஆராய்ச்சிச் செய்திகளில் இதே நோய் தலைகீழாக இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைக்காரர் 'சஜெஸ்ட்' என்று பயந்து பயந்து எழுதியிருப்பார். அதற்கு மேல் ஒரு படி 'இண்டிகேட்'. சுட்டுவிரலால் அந்தப் பக்கம் என்று சுட்டுவது. அதற்கு மேல் ஷோ, அதற்கும் மேல் 'டெமான்ஸ்ட்ரேட்'. தமிழுக்கு வந்ததும் நான்கும் 'நிரூபித்துள்ளது' ஆகிவிடுகின்றன. பள்ளிக் கணக்குப் பாடப்புத்தகம் ஒழுங்காகத்தான் இருந்தது. 'எனக் காட்டுக' என்று ஒரு கேள்வி, 'என நிறுவுக' என்று ஒரு கேள்வி என வேறுபடுத்தித்தான் கேட்டார்கள். பள்ளியை விட்டு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் 'டிஸ்கவர்' பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 'கவர்' செய்ததை நீக்குவது. ஒரு காலத்தில் ரிவீலின் இடத்தில் இதுவே நின்றது. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தின் கடைசி அங்கத்தில், பெர்டினண்டும் மிராண்டாவும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பதை ப்ராஸ்பெரோ 'டிஸ்கவர்' செய்கிறான் என்று மேடைக் குறிப்பு வரும். போய்க் கண்டுபிடித்தான் என்று படித்தால் காட்சியே தப்பாகிவிடும். திரையை விலக்கி மற்றவர்களுக்குக் காட்டுகிறான். வேடிக்கை, அந்தப் பழைய பொருள் சதுரங்கத்திலேயே இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்னால் நிற்கும் காய் விலகியதும் பின்னால் இருந்த காயின் தாக்குதல் திறந்துகொள்வதை 'டிஸ்கவர்ட் அட்டாக்' என்கிறார்கள். வெளிநாட்டு நீதிமன்றங்களில் இரு தரப்பும் ஆவணங்களைப் பரஸ்பரம் காட்டிக்கொள்ளும் கட்டமும் 'டிஸ்கவரி'தான். நம் குற்ற வழக்குகளில் நிலைமை வேறு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஏதாவது கண்டறியப்பட்டால், சொன்னதில் அதற்குரிய பகுதியை மட்டும் சான்றாக ஏற்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. அதில் வரும் டிஸ்கவர், கண்டறிவதுதான். 1940களில் சென்னை மாகாணத்திலிருந்து போன புலுகுரி கொட்டய்யா வழக்கில், அன்று நமக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதை அழகாக விளக்கியது. கூரையில் செருகிய கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று கைதி சொன்னால், அதனால் கத்தி டிஸ்கவர் ஆகவில்லை. கத்தியைத்தான் உலகம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டதே என்றார்கள். அங்கே கண்டறியப்பட்டது, அந்த இடத்தில் கத்தி இருப்பது இவனுக்குத் தெரியும் என்பது மட்டும். ஒரு வினைச்சொல்லுக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'டிஸ்ப்ளே' மடித்ததை விரிப்பது, மயில் தோகை விரிப்பது. படையை நிறுத்தும் 'டிப்ளாய்' அதன் உடன்பிறப்பு. 'எக்சிபிட்' கையில் ஏந்தி நீட்டுவது, அதனால்தான் நீதிமன்றச் சான்றாவணத்துக்கும் கண்காட்சிப் பொருளுக்கும் ஒரே பெயர். 'ஃப்ளான்ட்' என்பது அற்பனுக்கு வாழ்வு வந்ததும் அர்த்தராத்திரியில் பிடித்த குடை. இதை 'ஃப்ளவுட்' உடன் குழப்பாதீர்கள், அது விதியை மதிக்காமல் மீறுவது. 'மானிஃபெஸ்ட்' தானாகப் புலப்படுவது. நோய் மானிஃபெஸ்ட் ஆகும், யாரும் ஆக்குவதில்லை. அப்படித்தான் இருந்தது, நினைத்ததை நடக்கவைப்பதற்கும் இளைஞர்கள் அதே சொல்லைப் பிடித்துக்கொள்ளும் வரை. கேம்பிரிட்ஜ் அகராதி 2024இன் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்துவிட்டது, நான் முனகி என்ன ஆகப்போகிறது.

இனி உங்கள் வரி. 'தன் நோயை அவர் யாரிடமும் வெளிப்படுத்தவில்லை.' இது காப்பீட்டு வழக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க்ளோஸ். படிவத்தில் கேட்டிருந்தார்கள், சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் ஊரறிந்த ஆள், கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தார், பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது என்றால் ரிவீல். டாக்டர் நோயாளியைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை என்றால் டைவல்ஜ், ஆனால் அப்போது 'தன் நோய்' என்று வராது. வலியை முகத்தில் தெரியவிடாமல் பந்தியில் உட்கார்ந்து சிரித்தார் என்றால், எழுவாயை மாற்றுங்கள்: அவர் முகம் எதையும் பிட்ரே செய்யவில்லை. நீங்கள் மொழிபெயர்ப்பது சிறுகதை, அந்த அம்மாள் பிள்ளைகளிடம் சொல்லாமலே இருந்துவிட்டாள், அவ்வளவுதான் விஷயம் என்றால் இவை எதுவுமே வேண்டாம். 'ஷி டோல்ட் நோ ஒன்'.